நாற்பத்திரண்டாவது சுரைக்காய்

முதல் வாய் வைத்தவள் நாத்தனார். வைத்த வேகத்தில் தட்டை விட்டு எழுந்து, கொல்லைப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். துப்புகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

"அண்ணி, இதுல காய்ச்சல் மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டீங்களா?"

"வெங்காயமும் உப்பும்தான் போட்டேன். வாய்க் கொழுப்பைப் பாரு."

"கொழுப்பெல்லாம் இல்ல அண்ணி. நீங்களே வச்சுப் பாருங்க."

வீட்டுக்காரி ஒரு துண்டை எடுத்து நுனி நாக்கில் வைத்தாள். மெல்லக்கூட இல்லை. கசப்பு நாக்கில் ஏறி, தொண்டைக்குள் இறங்கி, காது வரைக்கும் போனதுபோல இருந்தது. பாகற்காய்க் கசப்பு இல்லை இது. பாகற்காய் கசந்துவிட்டு விலகிவிடும். இது உட்கார்ந்துகொள்கிற கசப்பு.

வீட்டுக்காரர் மேசையின் மறுபக்கம் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை கடைவாய்ப்பல் பிடுங்கியதிலிருந்து அவருக்கு மூன்று வேளையும் கஞ்சிதான்.

"ஒண்ணு ரெண்டு அப்படித்தான் இருக்கும். வெயில்ல காய்ஞ்ச கொடியா இருக்கும். தூக்கிப் போட்டுட்டு வேற பண்ணு" என்றார்.

"வாயைத் திறங்க."

"எதுக்கு?"

"திறங்கன்னு சொல்றேன்ல."

பல் இருக்கிற பக்கமாக ஒரு துண்டை வைத்தாள். அவர் முகம் மெல்ல மாறியது. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

"பேய்ச்சுரை" என்றாள் வீட்டுக்காரி.

மணி ஒன்று. காலையில்தான் சந்தை முடிந்திருந்தது. இதே சுரைக்காய் நாற்பத்திரண்டு, நாற்பத்திரண்டு பெட்டிகளில், நாற்பத்திரண்டு வீடுகளுக்குப் போயிருந்தது.

*

அவர்களைச் சந்தையில் எல்லாரும் பெட்டிக்காரர்கள் என்றுதான் சொல்வார்கள். மூன்று ஏக்கர் நிலம். பருவம் தொடங்கும்போதே நாற்பத்திரண்டு குடும்பங்கள் பங்குப் பணம் கட்டிவிடும். அதன்பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் பழைய பேருந்துப் பணிமனையில் கூடுகிற உழவர் சந்தைக்கு வந்து, பேர் எழுதிய பெட்டியை எடுத்துப் போகும். பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கேட்கக்கூடாது. அந்த வாரம் நிலம் எதைக் கொடுத்ததோ அது இருக்கும். நல்ல வாரத்தில் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும். மழை கெடுத்த வாரத்தில் கீரையும் முள்ளங்கியும்தான். பங்கு என்றால் அதுதான். லாபத்திலும் பங்கு, முள்ளங்கியிலும் பங்கு.

பிடிக்காத காய் வந்துவிட்டால் அதற்கும் ஒரு வழி இருந்தது. மேசை ஓரத்தில் 'மாத்துப் பெட்டி' என்று ஒன்று திறந்திருக்கும். வேண்டாத காயை அதில் போட்டுவிட்டு, வேறு யாரோ போட்டதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் கண்காணிப்பதில்லை. கத்தரிக்காயைப் போட்டுவிட்டு தக்காளியை எடுக்க ஒரு கூட்டமே காத்திருக்கும். முள்ளங்கி மட்டும் கடைசி வரைக்கும் அங்கேயே கிடக்கும்.

இந்த வருஷச் சுரைக்காய்க்கு வீட்டுக்காரர் தனியாகப் பெருமை அடித்திருந்தார். பதினோரு வருஷமாகக் கடையில் சுரை விதை வாங்கியதில்லை. நல்ல காயாகப் பார்த்துக் கொடியிலேயே முற்றவிட்டு, விதை எடுத்து, பிஸ்கட் டப்பாவில் சாம்பலோடு போட்டு வைப்பார். அந்த டப்பாவை வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாது. தொட்டால் மனிதர் அன்று முழுக்க உர்ரென்று இருப்பார்.

சொந்த விதை போடுகிறவர்களுக்கு ஒரு கட்டாயம் உண்டு. ஒவ்வொரு கொடியிலும் முதல் காயை அறுத்து நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கொடியில் ஒரு காய் கசந்தால் அந்தக் கொடியில் எல்லாம் கசக்கும். வேரோடு பிடுங்கிப் போட்டுவிட வேண்டியதுதான். பன்னிரண்டு கொடி, பன்னிரண்டு துண்டு. பத்து நிமிஷ வேலை. அந்த வேலையை அவர் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. இந்த வருஷமும் தவறவிடவில்லை.

அதுதான் வீட்டுக்காரிக்குப் புரியவில்லை. தட்டை எடுத்துக் கழுவப் போனவள் பாதியில் நின்றாள்.

"என்னங்க, முதல் காய் பார்த்தீங்கல்ல?"

"பார்த்தேனே. பன்னெண்டும் பார்த்தேன். தேனா இருந்துச்சு."

"என்னிக்குப் பார்த்தீங்க?"

"வெள்ளிக்கிழமை அறுப்பு. அதுக்கு முந்தின நாள்."

"வியாழக்கிழமை."

"ஆமா, வியாழக்கிழமை. சாயங்காலம்."

"பல்லு பிடுங்கிட்டு வந்து நேரா தோட்டத்துக்குப் போனீங்களே, அந்த வியாழக்கிழமையா?"

அவர் கை தானாகக் கன்னத்துக்குப் போனது.

நாத்தனார் வாசற்படியில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். "அண்ணே, அன்னிக்கு நீ தண்ணி குடிச்சா தாடையில வழிஞ்சுது. உதடு எங்க இருக்குன்னே உனக்குத் தெரியல. ஊசி போட்டு மரத்துப்போன நாக்குல செருப்பை வச்சாலும் தேனாத்தான் இருந்திருக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. நாத்தனார்கூட.

*

"எல்லாருக்கும் சொல்லிடலாம்" என்றாள் வீட்டுக்காரி.

"என்னன்னு சொல்லுவே? எங்க காய் விஷம்னா?"

"கசந்தா சாப்பிடாதீங்கன்னு."

"கசந்தா அவங்களே துப்பிடுவாங்க. நம்ம தங்கச்சி துப்பல? இதுக்குப் போய் நாப்பத்திரண்டு வீட்டுக்குத் தண்டோரா போடணுமா? மூணாவது வாரம் இது. இன்னும் பதினேழு வாரம் இருக்கு. இப்பவே நம்ம பெட்டியைப் பார்த்துப் பயந்துட்டா, அடுத்த வருஷம் ஒருத்தன் பங்கு போடமாட்டான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுட்டு நான் வாசல்ல உட்கார்ந்து கன்னத்தைத் தடவிக்கிட்டு இருக்க வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பக்கத்து மேசைக் கீரைக்காரர் மேல் 'பூச்சி மருந்து அடிக்கிறார்' என்று ஒரே ஒரு பேச்சு எழுந்தது. உண்மையா பொய்யா என்று யாரும் விசாரிக்கவில்லை. இரண்டு மாதத்தில் அந்த மேசை காலி.

வீட்டுக்காரி அவரையே பார்த்தாள். "துப்புறவங்க துப்பிடுவாங்க. சரி. ஜூஸ் சார்?"

அவர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார்.

ஜூஸ் சார் ஓய்வு பெற்ற நில அளவையாளர். தனிக்கட்டை. விடிகாலை ஐந்து மணிக்கு வெறும் வயிற்றில் பச்சைச் சுரைக்காயை மிக்சியில் அடித்து, ஒரு பெரிய டம்ளர் நிறையக் குடிப்பவர். குடிப்பதோடு விடமாட்டார், சந்தையில் கண்ணில் படுகிறவர்களையெல்லாம் பிடித்து நிறுத்தி, தன் வயதைச் சொல்லி, தன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கச் சொல்வார்.

"அவர் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மூச்சுல குடிப்பாரு. கசந்தா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு இன்னொரு டம்ளர் ஊத்திப்பாரு. பேய்ச்சுரையைப் பச்சையா ஒரு டம்ளர் குடிச்சா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா? வாந்தி வாந்தியா எடுத்து, கேட்க ஆளில்லாம அந்த வீட்ல கிடப்பாரு."

வீட்டுக்காரர் எழுந்துபோய் ஆணியில் மாட்டியிருந்த பங்கு நோட்டை எடுத்து வந்தார். தங்கச்சி கையில் கொடுத்தார்.

"மேலேர்ந்து ஆரம்பி. போன்ல மெசேஜ் போட்டா போதாது. கூப்பிட்டுப் பேசு" என்றார்.

*

நாத்தனார் பக்கத்து ஊர்த் துணிக்கடையில் எட்டு வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவள். யாரிடம் எப்படிப் பேசுவது என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா, நான் பெட்டிக்காரங்க வீட்லேர்ந்து பேசுறேன். சுரைக்காய் வெட்டிட்டீங்களா? இல்லையா? நல்லது. வெட்டினா நுனியை நாக்குல வச்சுப் பாருங்க. கசந்தா குப்பையில போடுங்க. ஆட்டுக்கும் போடாதீங்க... இல்லக்கா, மருந்தெல்லாம் அடிக்கல. விதை மாறிப்போச்சு... சாப்பிட்டாச்சா? எப்படி இருந்துச்சு? நல்லா இருந்துச்சுன்னா ஒண்ணும் இல்லக்கா, அது நல்ல கொடி. இல்லக்கா, வயித்துல போனப்புறம் கசக்காது."

ஒவ்வொரு பேருக்கும் நேராக வீட்டுக்காரி பென்சிலால் ஒரு கோடு போட்டாள்.

தையல்காரம்மாவுக்குக் கசந்திருந்தது. "துப்பிட்டேன் கண்ணு. பாவம், உழைக்கிற ஜனங்க, ஏதோ ஒண்ணு தவறிப்போச்சுன்னு சும்மா விட்டுட்டேன்" என்றாள். மருந்துக்கடைக்காரர் கோபப்பட்டார். முன்பணம் வாங்கிக்கொண்டு பரிசோதனை பண்ணுகிறீர்களா என்று கேட்டார். நாத்தனார் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அவர் முடிக்கிற வரை "சரிங்க, சரிங்க" என்றாள். ஒரு புது மாப்பிள்ளை, பெண்டாட்டி சமையல்தான் அப்படி என்று நினைத்து முழுவதையும் பேசாமல் சாப்பிட்டுவிட்டதாகச் சொன்னான்.

"எவ்வளவு சாப்பிட்டீங்க தம்பி?"

"ரெண்டு கரண்டி. ரொம்ப நல்லா இருக்குன்னு வேற சொல்லிட்டேன்."

"வயிறு எப்படி இருக்கு?"

"லேசா புரட்டுது."

"முதல்ல டாக்டர்கிட்ட போங்க. பெருமை அப்புறம் பார்த்துக்கலாம்."

வீட்டுக்காரர் அந்த நேரமெல்லாம் சும்மா இருக்கவில்லை. தோட்டத்துக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது கைகளில் மண்ணும் முகத்தில் கசப்பும் இருந்தது.

"மூணு கொடி" என்றார். "வேலியோரத்து மூணு."

வேலியோரம் என்றதும் வீட்டுக்காரியின் பென்சில் நின்றது.

போன வருஷம் அந்த வேலியில் அவள்தான் அழகுச் சுரை போட்டாள். கைப்பிடி அளவில் குட்டிக் குட்டிக் காயாக, வரி வரியாகக் காய்க்கிற ஜாதி. சாப்பிட ஆகாது. காய வைத்து, கயிறு கட்டி, சந்தை மேசைக்கு முன்னால் தோரணமாகத் தொங்கவிட்டாள். குழந்தைகள் ஆட்டினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்கே கூட்டம் வந்தது. புதிதாக ஏழு பங்கு சேர்ந்தது அந்தத் தோரணத்தால்தான் என்று அவளே எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பூவிலிருந்து இந்தப் பூவுக்கு வண்டு போயிருக்கிறது. கலந்த காயிலிருந்து அவர் விதை எடுத்திருக்கிறார்.

"நான்தான்" என்றாள் மெதுவாக. "உங்க நாக்கைச் சொன்னேன். நட்டது நான்."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே, "நட்ட அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சுமா சொல்லல?"

"ஆசையா நட்டே. விதைக்காயை நடுத் தோட்டத்துலேர்ந்துதானே எடுக்கிறோம், அவ்வளவு தூரம் வராதுன்னு நினைச்சேன். வண்டுக்கு வேலி ஏது, எல்லை ஏது." துண்டில் கையைத் துடைத்தார். "பேச இது நேரமா? யாரு பாக்கி?"

"நாப்பத்தொண்ணு ஆச்சு" என்றாள் நாத்தனார். "ஜூஸ் சார் மட்டும் எடுக்கல. ஏழு தடவை அடிச்சுட்டேன்."

*

வேனில் போனார்கள். கணவன், மனைவி இருவரும்தான். நாத்தனார் போனோடு வீட்டிலேயே இருந்தாள்.

ஜூஸ் சார் வீடு தபால் நிலையத்துக்குப் பின்சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. கதவு திறந்திருந்தது. சார் தரையில் குப்புறக் கிடந்தார்.

"ஐயோ" என்று வீட்டுக்காரி உள்ளே ஓடினாள்.

"உள்ளே வாங்க" என்றார் சார், தலையைத் தூக்கி. "இன்னும் இருபது எண்ணணும். முதுகுக்கு நல்லது. நீங்களும் பண்ணலாம்."

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. "போனை ஏன் சார் எடுக்க மாட்டேங்கிறீங்க?"

"போனா? அது அலமாரியில இருக்கு. கதிர்வீச்சு."

விஷயத்தைச் சொன்னார்கள். சார் நிமிர்ந்து உட்கார்ந்து, சட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு, "உங்க சுரைக்காய் என்கிட்ட இல்லையே" என்றார்.

"குடிச்சுட்டீங்களா?"

"போன வாரம் கடையில வாங்கின காயே ஒண்ணு இருக்கு. எதுக்கு இன்னொண்ணுன்னு மாத்துப் பெட்டியில போட்டுட்டு முள்ளங்கி எடுத்துக்கிட்டேன். முள்ளங்கியை யாருமே எடுக்க மாட்டேங்கிறாங்க, பாவம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாத்துப் பெட்டியிலிருந்து பங்குக்காரர் யாராவது எடுத்திருந்தால் பிரச்சினையில்லை. எல்லாரிடமும் பேசியாகிவிட்டது. யாரும் எடுக்காமல் மிஞ்சியிருந்தால்?

மிஞ்சியது எங்கே போகும் என்று இருவருக்கும் தெரியும். சந்தை முடிந்ததும் முட்டைக்காரர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு, போகிற வழியில் முதியோர் இல்லத்துச் சமையல்கட்டில் இறக்கிவிடுவார். மூன்று வருஷமாக நடக்கிற ஏற்பாடு. ஆரம்பித்து வைத்ததும் இவர்கள்தான்.

வீட்டுக்காரி முட்டைக்காரருக்குப் போன் போட்டாள்.

"ஆமாம்மா, இறக்கியாச்சு. ரெண்டு கட்டு கீரை, பத்துப் பன்னெண்டு முள்ளங்கி, ஒரு சுரைக்காய். ஏன்?"

*

இல்லத்தில் அறுபது பேர். பாதிப்பேர் படுக்கையில். ராத்திரிச் சாப்பாடு ஆறு மணிக்கே முடிந்துவிடும். மூன்றரைக்கே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சனிக்கிழமை என்பதால் அலுவலக போனை எடுக்க ஆளில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வீட்டுக்காரர் இஞ்சினை அணைக்கவில்லை. கன்னம் விண்விண்ணென்று தெறிக்க, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு காய்தானே. பெரிய அண்டாவுல போட்டா தெரியாது" என்றார், தனக்கே சொல்வதுபோல.

"தெரியாதுங்கிறதுதான் பயமா இருக்கு" என்றாள் அவள். "வயசானவங்க. பாதிப்பேருக்கு நாக்குல ருசியே கிடையாது. வச்சதைச் சாப்பிடுவாங்க. நீங்க வியாழக்கிழமை இருந்த மாதிரி."

சரக்கு ரயில் போய்க்கொண்டே இருந்தது. எத்தனை பெட்டி என்று அவள் எண்ண ஆரம்பித்து, நாற்பத்திரண்டில் நிறுத்திக்கொண்டாள்.

சமையல்கட்டுக்குள் நுழைந்தபோது அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. சமையல்காரம்மா கரண்டியோடு திரும்பினாள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல்.

"யாரு நீங்க? சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகல."

"அம்மா, சுரைக்காய்... முட்டைக்காரர் கொண்டுவந்தாரே, அந்தச் சுரைக்காயைப் போட்டுட்டீங்களா?" வீட்டுக்காரிக்கு மூச்சு வாங்கியது.

சமையல்காரம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள். பிறகு கரண்டியை நீட்டி ஜன்னல் மேடையைக் காட்டினாள். சுரைக்காய் அங்கே இருந்தது. நுனியில் ஒரு வில்லை மட்டும் வெட்டியிருந்தது.

"உங்க காய்தானா அது? யாரு கொண்டுவந்து கொடுத்தாங்கன்னு கேட்கணும்னுதான் எடுத்து வச்சிருக்கேன்."

"கசந்துதா?"

"கசந்துதாவா? இன்னும் என் வாய் நேராகல. ஏம்மா, முப்பது வருஷமா அண்டா வைக்கிறேன். சுரைக்காய் நுனியை நாக்குல வைக்காம சட்டியில போடுவேனா? தானமா வர்ற காய்ன்னா ரெண்டு தடவை வச்சுப் பார்ப்பேன். கொடுக்கிறவங்க என்ன, நல்லதையா தேடிக் கொடுக்கப் போறாங்க?"

"நாங்க பார்த்துத்தான் கொடுக்கிறது..." என்று ஆரம்பித்த வீட்டுக்காரர் நிறுத்திக்கொண்டார்.

"பார்த்தா கொடுத்தீங்க?"

"பார்த்தேன். பல்லு பிடுங்கியிருந்துது. நாக்கு மரத்திருந்துது."

சமையல்காரம்மா அண்டாவே அதிர்கிற மாதிரி சிரித்தாள். "அட போய்யா. அன்னிக்கு உன் பெண்டாட்டி நாக்கு எங்கே போயிருந்துச்சு? அவகிட்ட கொடுத்துப் பார்க்கச் சொல்றதுக்கென்ன?"

வீட்டுக்காரி சுரைக்காயைக் கையில் எடுத்தாள். வழவழவென்று, பச்சைப் பசேலென்று, ஒரு குறை சொல்ல முடியாதபடி அழகாக இருந்தது. இது ஜூஸ் சாருக்குப் போட்ட காய். முள்ளங்கி மேல் அவருக்கு இரக்கம் வந்திருக்காவிட்டால், நாளைக் காலை ஐந்து மணிக்கு மிக்சிக்குள் போயிருக்கும். அவள் அங்கிருந்த கீரைக் கூடைப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தா, தண்ணி குடி" என்றாள் சமையல்காரம்மா. "அதான் ஓடி வந்துட்டீங்கல்ல."

*

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் பன்னிரண்டு கொடியையும் பிடுங்கினார். ஒன்பது நல்ல கொடிதானே என்று தங்கச்சி சொல்லிப் பார்த்தாள். அந்த ஒன்பதின் விதையில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும் என்றார். பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து, சாம்பலும் விதையுமாக எல்லாவற்றையும் தீயில் போட்டார். பதினோரு வருஷம் பத்து நிமிஷத்தில் பொரிந்து அடங்கியது. வீட்டுக்காரி தன் தோரணத்தை அறுத்துக்கொண்டு வந்து அதே தீயில் போட்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மேசைமேல் ஒரு கத்தி வைத்தார். ஒவ்வொருவரிடமும் நடந்ததைத் தன் வாயால் சொன்னார், பல் கதையையும் சேர்த்து. சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் கத்தியை எடுத்து, வெள்ளரிக்காய் நுனியை வெட்டி, அவர் எதிரிலேயே நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். வீட்டுக்காரி அவர்கள் முகத்தைப் பார்க்காமல் கீரைக் கட்டுகளை அடுக்கினாள். மருந்துக்கடைக்காரர் வரவில்லை. புது மாப்பிள்ளைக்கு இரண்டு நாள் வயிறு சரியில்லாமல் போனதால் அவன் மாமனாரும் தன் பங்கை நிறுத்திக்கொண்டார். புது மாப்பிள்ளை மட்டும் வந்தான். இனிமேல் தனக்குத்தான் ருசி பார்க்கிற வேலை என்றான், பெண்டாட்டி உத்தரவாம்.

கடைசியாக ஜூஸ் சார் வந்தார். கத்தியைத் தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆட்டியபோது கலகலவென்றது.

"என்ன சார், மாத்திரையா?"

"நான் எதுக்கு மாத்திரை சாப்பிடப் போறேன்? மணிக்கட்டைப் பிடிச்சுப் பாருங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மூணு வருஷத்துக்கு முந்தி நீங்க கொடுத்த விதை. மாடியில தொட்டி வச்சுப் போடுங்க சார்னு கொடுத்தீங்க. வீட்டு ஓனர் தொட்டி வைக்க விடல. தூக்கிப் போட மனசு வரல, அப்படியே வச்சிருந்தேன். ஒன்பது இருக்கு. தோரணம் கட்டுறதுக்கு முந்தினதுதானே?"

வீட்டுக்காரர் குப்பியைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினார். ஒன்பது. ஒவ்வொன்றாக விரலால் தள்ளிப் பார்த்தார். மூன்று வருஷத்து விதை. பாதி முளைத்தால் பெரிது. ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பக் குப்பிக்குள் போட்டு மூடினார். வாய் மரத்துப்போனதுபோல நின்றார்.

"சாருக்கு ரெண்டு முள்ளங்கி அதிகமா வைடி" என்றாள் வீட்டுக்காரி நாத்தனாரிடம்.

பெட்டிகளெல்லாம் போனபிறகு, வேனில் திரும்புகையில், குப்பி அவள் மடியில் இருந்தது.

"முளைச்சுக் காய்ச்சா, முதல் காயை நீ பாரு" என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

"எனக்கு மட்டும் பல்வலி வராதா? நீங்க பாருங்க, நானும் பார்க்கிறேன்."

"சரி."

"உங்க தங்கச்சியும் பார்க்கட்டும்."

பின்னால் காலிப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்த நாத்தனார், "என்னால முடியாது, சாமி. போன வாரத்துக் கசப்பே எனக்கு இன்னும் போகல" என்றாள்.